பஞ்சு கழற்றிய மோட்டார்

நீர்கொழும்பில் மெரில் முதலாளியின் மீன் கொட்டகைக்கு வந்து போகிறவர்கள் அன்சலம் நின்று பார்த்ததில்லை. சக்கரம் வைத்த தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி, தொட்டிகளின் விளிம்பைக் கையால் பற்றி இழுத்து இழுத்தே வரிசை முழுக்கப் போய் வருவான். சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கி, அலங்கார மீன் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். ஒருநாள் அவசரமாக மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதன் பிறகு மெரில் அவனுக்குக் கொட்டகையில் வேலை கொடுத்தார். கடல்சாமந்திகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

கடல்சாமந்தி பூ மாதிரி விரிந்திருக்கும், ஆனால் உயிர்ப்பிராணி. தண்ணீர் ஓட்டம் சரியாக அமைந்துவிட்டால் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். மோட்டார்த் தண்ணீர் நேரே அடித்தால் சுருண்டு மூடிக்கொள்ளும். ஓட்டமே இல்லையென்றால் தன் கழிவிலேயே நொந்து போகும். இடம் பிடிக்காமல் போனாலோ, அடிக்காலைப் பாறையிலிருந்து விடுவித்துக்கொண்டு வேறு இடம் தேடி ஊர ஆரம்பிக்கும். அதனால் அன்சலம் மோட்டார்களைத் தொட்டிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான். சுவரில் மோதி உடைந்து வரும் தண்ணீர் சாமந்தியின் விரல்களைச் சும்மா அசைத்துவிட்டுப் போகும். ஊர்ந்து போகிறது மோட்டாரில் சிக்கிவிடாமலிருக்க, உறிஞ்சும் வாய்க்கெல்லாம் பஞ்சு உறை மாட்டியிருந்தான். பஞ்சில் அழுக்கு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தினமும் கழற்றிக் கழுவ வேண்டும்.

அவனுடைய தம்பி கிரேஷனும் அதே முதலாளிக்குத்தான் கடலில் இறங்கினான். சாமந்திகளைக் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிச் சீண்டாமல் போகமாட்டான்.

"அண்ணே, உன்ட சாமந்தியெல்லாம் உன்னப் போலவே. ஒரு இடத்துல கிடக்காம சுத்திக்கிட்டே திரியுதுகள்."

"உன்னப் போல வாயில்லாததால தப்பிச்சிச்சுகள்" என்பான் அன்சலம்.

சித்திரை முடிகிற சமயம். கடல் குழம்பத் தொடங்கியிருந்தது. பருவத்தின் கடைசிச் சரக்கு மறுநாள் விமானத்தில் போக வேண்டியிருந்தது. அன்று காலை அன்சலத்துக்குக் காய்ச்சல். உட்கார்ந்தே இருப்பதால் வந்த புண் சீழ் வைத்திருந்தது. வலி தெரியாவிட்டாலும் அதன் காய்ச்சல் தெரிந்தது.

மெரில் வந்து ஒரு தொட்டியின் முன்னால் நின்றார்.

"அன்சலம், இந்த ஊதாச் சாமந்தி ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கு? வாங்குறவன் படம் கேட்டுக் கரச்சல் பண்றான்."

"பஞ்சு அடைச்சிருக்கும் முதலாளி. ஓட்டம் குறைஞ்சிட்டு. இப்ப சரி பண்றன்."

அன்சலம் பஞ்சைக் கழற்றி, கழுவும் பேசனில் போட்டான். மோட்டார் பெருமூச்சு விட்டதுபோல வேகம் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் சாமந்தி விரிந்து, விரல்களெல்லாம் அசைய, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மெரில் படம் எடுத்துக்கொண்டு போனார். பஞ்சைக் கழுவி மாட்ட வேண்டும் என்று அன்சலத்துக்குத் தெரியும். ஆனால் உடம்பு நடுங்கியது. கொஞ்சம் சரிந்துவிட்டு எழுந்து செய்வோம் என்று, பொதி கட்டும் அறையில் பாயில் போய்ப் படுத்தான். படுத்தவன் தூங்கிப்போனான்.

மெரிலின் கூச்சல்தான் அவனை எழுப்பியது.

ஊதாச் சாமந்தி ஊர்ந்து போய் மோட்டார் வாயில் சிக்கியிருந்தது. பாதி உள்ளே போய் அரைபட்டு, மீதி கந்தல் துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பால் போல வெளுத்திருந்தது. அந்த வரிசைத் தொட்டிகளுக்கெல்லாம் ஒரே தண்ணீர்தான் சுற்றி வரும். அரைபட்ட சாமந்தியின் நஞ்சு எல்லாவற்றுக்கும் போய்விட்டது. கோமாளி மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மற்றச் சாமந்திகள் சளியாக உருகிக் கிடந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் கிரேஷன் தலை ஈரம் காயாமல் உள்ளே வந்தான். காலையில் ஆழத்தில் இரண்டு தரம் இறங்கிவிட்டு வந்திருந்தான்.

மெரில் அன்சலத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரேஷன் பக்கம் திரும்பினார்.

"வந்துட்டாரு பெரிய சுழியோடி! அந்த ஊதா நீ கொண்டுவந்ததுதானே? அடிக்கால கிழிச்சித்தான் எடுத்திருப்ப. ஒட்ட ஏலாமத்தான் போய் மோட்டார்ல விழுந்திருக்கு."

"நான் கிழிச்சனா? எத்தன வருஷமா எடுக்குறன், ஒண்டு கிழிஞ்சத காட்டுங்க பாப்பம்."

"இந்தா, இதத்தான் காட்டுறன். பாத்துக்க." மெரில் தொட்டியைக் கைகாட்டினார். "ஊருக்குள்ள கேட்டா, கடல்ல அண்ணன் இருந்த இடத்துக்குத் தம்பி வரல்ல எண்டுதான் சொல்லுவானுகள். நாளைக்குச் சாமான் போகாட்டி அந்த வெளிநாட்டுக்காரன் இனி இந்தப் பக்கம் தலவச்சும் படுக்கமாட்டான். நீ அழிச்சத நீதான் கொண்டுவரணும்."

கிரேஷனின் முகம் கறுத்துவிட்டது. மெரில் படகைத் தயார் பண்ணச் சொல்லி வெளியே போனார்.

அன்சலம் ஸ்டூலை இழுத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் வந்தான்.

"கிழிஞ்சது இல்ல தம்பி. பஞ்ச கழட்டினது நான். மாட்டாமப் படுத்துட்டன்."

கிரேஷன் அவனையே பார்த்தான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"கொதிக்குது உனக்கு. முதலாளிக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல. இப்பப் போய்ச் சொல்றன்."

"வாய மூடிக்கிட்டு இரு. சொன்னா உன்ன நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். இந்தக் கரையில வேற யாரு உனக்கு வேல தருவா? ஏசினா என்னத்தான் ஏசிட்டுப் போகட்டும். எனக்குக் கால் இருக்கு."

"காலையில ரெண்டு தரம் இறங்கிட்ட. அந்தக் காத்து இன்னும் உடம்புலதான் இருக்கும். இனி இண்டைக்கு இறங்கக் கூடாது. எனக்கு என்ன நடந்தது எண்டு பாத்துக்கிட்டுத்தானேடா இருக்க?"

"நீ விறுவிறு எண்டு மேல வந்த. நான் மெல்ல மெல்ல வருவன். பயப்படாத."

அன்சலம் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். கிரேஷன் சிரித்துக்கொண்டே அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். அன்சலம் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான். வாசல் தாண்டியதும் சக்கரங்கள் மணலில் புதைந்து நின்றுவிட்டன. "முதலாளி! முதலாளி!" என்று கத்திப் பார்த்தான். கிரேஷனையும் சிலிண்டர்களையும் ஏற்றிய லொறி படகுப் பக்கம் இரைந்துகொண்டு புறப்பட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு உள்ளே வந்து செத்த மீன்களை அள்ளி வாளியில் போட்டான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பாணும் சம்பலும் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தன. அந்தோனியாரே, அந்தோனியாரே என்று வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வெயில் தணிகிற நேரத்தில் லொறி திரும்பியது. கிரேஷனைப் பலகையில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் பேசினான்.

"பெரிய சாமந்தி ரெண்டு, அண்ணே. ஒரு கீறல் இல்ல, பாரு. கால்தான் கொஞ்சம் மரத்துப்போச்சி."

கிட்டத்தில் இருந்த பாறைகளையெல்லாம் எப்போதோ வழித்தெடுத்தாகிவிட்டது. ஆழத்துப் பாறைக்குத்தான் போயிருக்கிறான். கீழே நீரோட்டம் பலமாக இழுத்திருக்கிறது. அடிக்கால் கிழியக் கூடாதென்று நகத்தால் மெல்ல மெல்லத் தூக்கி எடுத்திருக்கிறான். அதற்குள் சிலிண்டரில் காற்று தீர்ந்துவிட்டது. மெல்ல மேலே வர அவனுக்கு மூச்சில்லை.

இரத்தத்தில் கட்டிய குமிழைக் கரைக்கிற அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டு போனார்கள். கிரேஷனின் மனைவி நிலூக்கா உள்ளே டாக்டரோடு இருந்தாள். வெளி வராந்தாவில் மெரிலும் அன்சலமும்.

"முதலாளி, பஞ்ச கழட்டிவிட்டது நான்தான். அவன் ஒண்டையும் கிழிக்கல்ல."

மெரில் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும். பஞ்சு பேசன்ல கிடந்தத அப்பவே பாத்தன்."

அன்சலம் அவர் பக்கம் திரும்பினான்.

"தெரிஞ்சிக்கிட்டா அவன அந்தப் பேச்சு பேசினீங்க?"

"உன்ன ஏசி என்ன பிரயோசனம்? நீயா கடலுக்குப் போகப் போற?"

அவர் எழுந்து போய்விட்டார். அந்த இரண்டு சாமந்திகளும் மறுநாள் விமானத்தில் போயின.

அன்சலம் அதன் பிறகும் அந்தக் கொட்டகைக்குத்தான் வேலைக்குப் போனான். இப்போது இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான் வருமானம். மெரிலும் போகச் சொல்லவில்லை. இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

கிரேஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே மரத்துப்போன கைகள், அழுத்த அறையில் வைத்ததில் திரும்பி வந்தன. கால்கள் வரவில்லை. அன்சலம் முதல்நாளே நிலூக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்.

"புண் வராம இருக்க எப்படிப் புரட்டணும்? அதச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

அவன் கற்றுக்கொடுத்தான். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பதை, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி வைப்பதை, மூத்திரப் பையைக் கழுவுவதை. அவள் கேட்டபடியே செய்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கிரேஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே."

"என்ன தம்பி?"

"ரெண்டு நாளா பாதம் எரியுது. மிளகாய் அரைச்சிப் பூசின மாதிரி. உணர்ச்சி வருது போல, என்ன? உனக்கும் இப்படி வந்ததா?"

அன்சலத்துக்கும் வந்தது. முதல் மாதங்களில் அந்த எரிச்சலை நம்பி, கட்டில் கம்பியைப் பிடித்து எழும்பப் பார்த்து எத்தனையோ தரம் கீழே விழுந்திருக்கிறான். எரிச்சல் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"எனக்கு வரல்ல" என்றான். "உனக்கு வருது எண்டா நல்லதுதான்."

கிரேஷன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். அன்சலம் போர்வையை விலக்கி, எரிகிறதென்று சொன்ன அந்தப் பாதங்களைக் கைகளில் எடுத்துத் தேய்த்துவிட ஆரம்பித்தான். அவை சில்லென்று இருந்தன.