விசாரித்துச் சொல்கிறேன்

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் வீட்டு லிஃப்டெல்லாம் என் கையால் ஓடும். நான் குடியிருக்கும் கட்டிடத்தில் மட்டும் அது நின்று எட்டு மாதம் ஆகிறது. நாலாவது மாடிக்கு என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு சண்டையில் மனைவியிடம், "இஷ்டமில்லைன்னா கிளம்பு" என்றேன். கிளம்பிவிட்டாள். கோர்ட் வரை போகவில்லை. அவள் வேறு ஊரில் இருக்கிறாள். எங்களை இன்னும் சேர்த்து வைத்திருப்பது ஒரு மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசிதான்.

அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு இருவர் போனுக்கும் நினைவூட்டல் வரும். வந்த அன்றே கூப்பிடுவாள்.

"கட்டிடுவீங்கல்ல?"

"கட்டிடறேன்."

"உடம்பைப் பாத்துக்குங்க."

வருடத்துக்கு இவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் இதற்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை பார்ப்பவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். எதிலும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பான். இந்த வருட நினைவூட்டலைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிப் பக்கமே போகல, பிரீமியத்தைக் கால்வாசி ஏத்திட்டான் பாரு! பிரீமியம் ஏறினா விசாரிக்கணும், வயசு ஏறினா விசாரிக்கணும், குடும்பம் மாறினா விசாரிக்கணும். உனக்கு மூணும் ஆயாச்சு. தேதி முடியறதுக்குள்ள வேற கம்பெனி பாரு. உனக்கு மட்டும் தனியா எடு."

தனியா. தனியாக எடுத்தால் அவளுக்கு நினைவூட்டல் போகாது. அந்த ஒரு போனும் வராது.

மதியம் கூப்பிட்டாள். "கட்டிடுவீங்கல்ல?"

"ரொம்ப ஏத்திட்டாங்க. வேற கம்பெனிக்கு மாத்தலாமான்னு..." என்று உளறிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"என்னையும் சேர்த்துத்தானே?" என்றாள்.

"பின்னே? உன்னை விட்டுட்டா?"

"அப்ப நாலு இடம் விசாரிங்க. ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லுங்க."

விசாரித்தேன். இரண்டாவது கம்பெனியில் பூதக்கண்ணாடியாலேயே குறை சொல்ல முடியவில்லை. அவளிடம் "சுமார்தான்" என்றேன். மூன்றாவதின் விதிகளை முக்கால் மணி நேரம் படித்துக் காட்டினேன். நடுவில் அவள் முட்டி வலியும் என் சமையலும் வந்து போயின. ஐந்தாவதின்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. ஏழாவதைச் சொல்லும்போது தேதி நெருங்கிவிட்டது.

"அந்த ரெண்டாவதுதான் நல்லது. அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். "அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா மறுநாள் கூப்பிட்டிருப்பீங்களா?"

மெதுவாக, "அதுக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்" என்றேன்.

"தெரியும். சனிக்கிழமை வரேன். முட்டி வலியோட நாலு மாடி ஏற முடியாது. லிஃப்ட் ஓடுதில்ல?"

"ஓடும்" என்றேன், இன்னொரு கையால் ஸ்பானர் பையைத் தேடிக்கொண்டே.