முட்டை வைக்காத இழைகள்

நீல விளக்குக்கு மாற்றிய பதினான்காம் நாள் காலையிலும் நுண்ணோக்கிக்குள் ஒரு மாற்றமும் இல்லை. பழுப்பு இழைகள் கிளைக்கு மேல் கிளை விட்டு, நேற்றைவிடச் செழிப்பாக இருந்தன. முட்டை மட்டும் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கடற்பாசி நாற்றுக்கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. கெல்ப் என்கிற பெரும்பாசி கடலில் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஆனால் அதன் தொடக்கம் கண்ணுக்கே தெரியாத இழைகள்தான். ஆண் தனி, பெண் தனி. சிவப்பு விளக்கின் கீழ் வைத்தால் மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும், பிள்ளை குட்டி என்ற பேச்சே எடுக்காது. நீல விளக்குக்கு மாற்றினால் பத்து நாளில் பெண் இழை முட்டை வைத்துவிடும். அதில் வரும் நாற்றை நூலில் ஒட்டவைத்து, நூலைக் கயிற்றில் சுற்றிக் கடலில் இறக்குவது அவள் அண்ணனின் வேலை.

அண்ணன் போன் செய்தான்.

"என்ன ஆச்சு?"

"இன்னும் இல்லண்ணா."

"நேத்தும் இதத்தான் சொன்ன. காத்து மாறிடுச்சுன்னா படக எடுக்க முடியாது, தெரியும்ல?"

"தெரியும். நீ போன வச்சாத்தான் நான் பாக்க முடியும்."

போனை வைத்த பிறகும் அவள் எதையும் பார்க்கவில்லை. தொட்டிக்குத் தொட்டி நடந்தாள். தண்ணீர் பன்னிரண்டு டிகிரி, சரியாகத்தான் இருந்தது. காற்றுக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி தொட்டாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

ஓரத்தில் நாற்று ஒட்டவைக்கும் நூலைக் குழாய்த் துண்டுகளில் சுற்றிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள். "நீ இப்படிக் குறுக்கும் நெடுக்குமா நடந்தா எனக்குத் தல சுத்துது."

"விளக்குதான் அண்ணி. போன மாசம் மாத்தினதுலேர்ந்துதான் எல்லாம்."

விளக்கை மாற்றியவர் எலக்ட்ரீஷியன். ஊரே அவரை வோல்ட்டு என்றுதான் கூப்பிடும். வரச் சொன்னதும் பையோடு வந்து நின்றார்.

"நீலம் கேட்ட, நீலம் போட்டேன்."

"இது நீலமா? ஏதோ கலப்படம் பண்ணியிருக்காங்க."

"கலப்படம் பண்ண இது என்னம்மா, பாலா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களால ஒரு வருஷ வேல போச்சு!" என்று கத்தினாள். தொட்டி கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். வோல்ட்டு பையை மூடிக்கொண்டு போனார்.

அவர் தப்புதான் என்று நிரூபிக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. இழைகளை நான்கு கண்ணாடித் தட்டுகளில் பிரித்தாள். இரண்டைப் புது விளக்கின் கீழ் வைத்தாள், இரண்டைக் கிடங்கில் கிடந்த பழைய நீல விளக்கின் கீழ். கரைசலில் குறையில்லை என்று காட்ட, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு இப்போது ஊற்றுகிற சத்துக் கரைசல், மற்றதற்குப் போன வருடம் மிஞ்சிய பாட்டில்.

ஏழாம் நாள் இரண்டு தட்டுகளில் முட்டை தெரிந்தது. இரண்டுமே பழைய பாட்டில் ஊற்றியவை. அதில் ஒன்று இருந்தது வோல்ட்டின் விளக்குக்கு அடியில்.

கரைசல் கலந்த கணக்கு நோட்டைப் புரட்டினாள். நான்கு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில், பென்சிலில், அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'இரும்பு தீர்ந்தது. பிறகு சேர்க்கவும்.' சேர்க்கவே இல்லை. மற்ற சத்தெல்லாம் தாராளமாகக் கிடைத்ததால் சிவப்பு விளக்கின் கீழ் இழைகள் தளதளவென்று வளர்ந்தன, அவளும் மறந்துபோனாள். வளர்வதற்கு அவற்றிடம் இருந்த துளி இரும்பு போதும். முட்டை வைக்கப் போதாது.

முதலில் அண்ணனிடம் சொன்னாள். "சரி, இப்பவாவது தெரிஞ்சுதே. ஊத்து," என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

எல்லாத் தொட்டியிலும் இரும்புக் கரைசலை ஊற்றிவிட்டு வோல்ட்டின் கடைக்குப் போனாள். அவர் தலை நிமிராமல் ஒரு மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுதாண்ணே. விளக்கு நல்லாத்தான் இருக்கு."

"திட்டும்போது எத்தன பேர் இருந்தாங்க?"

"மூணு பேர்."

"அப்ப அங்க வந்து சொல்லு."

மறுநாள் காலை அந்த மூன்று பேர் முன்னால் சொன்னாள். காது சுட்டது. வோல்ட்டு கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தொட்டிகளில் முட்டைகள் வந்தன. ஆனால் நாட்கள் திரும்பி வரவில்லை. நாற்று நூலில் பிடித்து வளர்ந்து, அண்ணன் நாற்பதில் இருபத்தைந்து கயிறு இறக்கியபோது காற்று மாறிவிட்டது. மீதிப் பதினைந்தும் கொட்டகையில் வெறுமனே கிடந்தன.

கடல் கொஞ்சம் அடங்கிய ஒரு மதியம் அவளும் படகில் போனாள். அண்ணன் கொக்கி போட்டு ஒரு கயிற்றைத் தூக்கினான். நெடுக, விரல் நகம் அளவுக்குப் பழுப்பு இலைகள் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் தொடக் கை நீட்டினாள்.

"மெதுவா, பிச்சிடாத," என்றான் அண்ணன். "பிடிச்சிருக்கு. நல்லாவே பிடிச்சிருக்கு."

"சரி, விடு. அடுத்த கயிறத் தூக்கு," என்றாள் அவள்.