நான்கு கட்டங்கள்

அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் யாராவது தீர்ப்புச் சொன்னால் வராந்தா ஒரு வீடு நீளும். கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் என்றார் காவலாளி. காலையில் அங்கே பன்னிரண்டு வீடுகள் இருந்தன.

கருத்துக்கணிப்பு வேலையில் எனக்கு அது முதல் நாள். கால் தரையில் நிற்கவில்லை. படிவத்தில் ஒரே கேள்விதான். பாலியல் குற்றம் செய்தவர்களுக்கு என்ன சிகிச்சை கொடுக்கலாம்? கீழே நான்கு கட்டங்கள்: பேச்சு, மாத்திரை, ஊசி, கத்தி.

கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, வாசலில் காத்திருந்தார்கள்.

முதல் வீட்டு வேதமுத்து ஓய்வுபெற்ற தபால்காரர். "கத்தின்னு போடும்மா" என்றார். சொன்னதும் ஒரு சாண் வளர்ந்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது. "இன்னொரு தடவ போடு." மறுபடி வளர்ந்தார். தலை வாசல் நிலையில் இடித்தது.

அடுத்த வீட்டு அமலி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "ஊசி போட்டு, படுக்க வெச்சு, ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பீங்களா? கத்திதான்."

"பேச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு."

"அவன்கிட்ட யாரு பேசறது? நீ பேசுவியா?"

குழந்தையும் கத்தி என்றது. அதற்கு அதுவரை பேச்சு வந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள்.

நாற்பது வீடுகள் முடித்தேன். எதிரே இன்னும் பன்னிரண்டு இருந்தன. ஓடத் தொடங்கினேன். பின்னால் கைதட்டினார்கள். பேனா சுட்டது. இவ்வளவு ஒற்றுமையான ஜனங்களை நான் பார்த்ததே இல்லை.

ஒரு கதவு மட்டும் மூடியிருந்தது. தட்டினேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் திறந்தாள். பெயர் சுகிர்தா என்றாள். கேள்வியைப் படித்துக் காட்டினேன்.

"எனக்கு நடந்துச்சுக்கா. ஒன்பது வருஷமாச்சு. வெள்ளிக்கிழமை அவன் வெளிய வர்றான்."

எந்தக் கட்டம் என்று கேட்டேன்.

"எதப் போட்டா இன்னொருத்திக்கு நடக்காது?"

படிவத்தைத் திருப்பினேன். அதற்குப் பின்பக்கமே இல்லை.

"அத எழுத இடமில்லம்மா."

"இத்தன பேரக் கேட்டீங்களே. யாராச்சும் இதக் கேட்டாங்களா?"

"இல்ல."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

வராந்தாவே என்னைப் பார்த்தது. நாற்பது வீடுகளுக்கு அப்பாலிருந்து வேதமுத்து கழுத்தை நீட்டினார். என் நாக்கிலும் கத்தி தயாராக இருந்தது. அதை விழுங்கினேன். தொண்டை எரிந்தது.

"தெரியல" என்றேன். "தெரிஞ்சுக்கணும்."

பின்னால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

சுகிர்தா தன் கதவை முழுக்கத் திறந்தாள். உள்ளே ரயில் நிலையம் அளவுக்கு ஒரு கூடம். நூற்றுக்கணக்கான நாற்காலிகள், அத்தனையும் காலி. யாராவது கேட்க வருவார்கள் என்று எல்லாவற்றையும் தூசி தட்டி வைத்திருந்தாள்.

"எங்க உக்காரலாம்?"

"முன்னால வாங்கக்கா" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு."