ஆள் இல்லாத தூதர்

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலையே அவளுடைய தூதர் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல் வழியாகத்தான் வந்தார். செருப்பு விடும் இடத்தில் சற்றுத் தயங்கினார். பிறகு அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடுக்கில் போய் நின்றுகொண்டார். அவரைப் பார்த்தது இறந்தவளின் தங்கை மட்டும்தான். பதினாறு வயது. சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுவாள் என்று அக்கா அவளுக்கு மைனா என்று பேர் வைத்திருந்தாள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

நினைவு தெரிந்த நாளிலிருந்து மைனாவின் கண்ணுக்குத் தேவதூதர்கள் தெரிந்தார்கள். ஒவ்வொரு மனிதருக்கும் பின்னால், வலது தோளுக்கு ஓரடி தள்ளி, ஒருவர் நிற்பார். படங்களில் வருவதுபோல வெள்ளை உடுப்பும் ஒளிவட்டமும் கிடையாது. நனைந்த சாக்கு நிறத்தில் இறக்கை, வெறுங்கால், வேலை நேரம் முடியவே முடியாதவர்களின் முகம். ஒன்றாம் வகுப்பில் அவள் டீச்சரிடம் போய், "மிஸ், உங்க பின்னாடி நிக்கிறவருக்குக் கால் வலிக்குதாம். கொஞ்சம் உக்காருங்க" என்றாள். மறுநாளே அம்மா அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி போட்டுவிட்டார்கள். கண்ணாடியில் தூதர்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தார்கள்.

நம்பியது அக்கா ஒருத்திதான்.

"என் ஆளு எப்படி இருக்காரு?"

"மூக்கு பெருசு."

"நல்லவேளை. அழகா இருந்திருந்தா திரும்பித் திரும்பிப் பாத்து எனக்குக் கழுத்து சுளுக்கியிருக்கும்."

மைனாவுக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. நிலைக்கண்ணாடி முன் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். வெறும் சுவர்தான் தெரியும்.

அக்கா ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் போன பஸ் பிரேக் பிடிக்காமல், பாலத்து வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்க நின்றது. உள்ளே இருந்த முப்பது பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. படிக்கட்டருகே நின்ற அக்கா மட்டும் கீழே விழுந்தாள்.

அதற்கப்புறம் மைனாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் தன்னுடையது இல்லாததுபோல ஆகிவிடுமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று சித்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போனாள். கணக்கில் தொண்ணூற்று நாலு வாங்கினாள். விடைத்தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

இரண்டு மாதம் இடுக்கில் நின்ற தூதர், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாயைத் திறந்தார். மைனா கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் யார் பின்னாடி நிக்கிறதுன்னு தெரியல" என்றார். தொண்டை கட்டியவர் குரல்.

"அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரிப்பதுபோல வந்தது.

"பஸ்ஸப் பிடிச்சிட்டிருந்தேன். அங்க இருந்த தூதருங்க எல்லாரும் பிடிச்சோம். ஒரு கை பஸ்ல, இன்னொரு கை உங்க அக்கா பையில. பையோட வார் அறுந்துபோச்சு."

"பஸ்ஸ விட்டுட்டு ரெண்டு கையாலயும் அவளப் பிடிச்சிருக்கலாம்ல?"

"பிடிச்சிருக்கலாம்."

"ஏன் பிடிக்கல?"

"நான் விட்டா மத்தவங்க கையும் வழுக்கிடும்னு தோணிச்சு. அவ்ளோ பேர். அப்ப யோசிக்க நேரமில்ல. இப்ப யோசிச்சிட்டே இருக்கேன்."

மைனா நகவெட்டியை டப்பாவில் போட்டு மூடினாள். "சரி" என்றாள்.

"உனக்குப் பின்னாடி யாருமில்ல. நில்லுன்னு சொன்னா நிக்கிறேன். ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் எங்கள யாரையும் உன்னால பாக்க முடியாது."

"அக்காவ விட்டவரு என்னைப் பிடிச்சு என்ன பண்ணப்போறீங்க?"

அவர் முகம் சுருங்கியது. அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமைகளில் மைனா அம்மாவோடு வேலைக்குப் போவாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் நீங்கி வரும். அம்மா இந்தப் பக்கம் விடுவாள். மைனா அந்தப் பக்கம் வாங்கி மடிப்பாள். விரல் மாட்டாமல் இருக்க உருளைக்கு முன்னால் ஒரு காப்புப் பட்டை உண்டு. அது தொட்டதற்கெல்லாம் மெஷினை நிறுத்திவிடுகிறது என்று யாரோ கயிறு போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

வீட்டில் மைனா யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்று அந்த டியூப்லைட் வெளிச்சத்தில்தான் அம்மாவின் தூதரைச் சரியாகப் பார்த்தாள். பாதியாக இளைத்திருந்தார். முதுகு கூனிவிட்டது. இரண்டு கையாலும் அம்மாவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தார். அம்மாவோ உருளையைப் பார்க்கவே இல்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கண் வெறும் சுவரில் இருந்தது.

அக்காவின் தூதரும் பின்னாலேயே வந்து, அழுக்குத் துணி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மைனா ஒரு விரிப்பை மடித்து வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"எங்கம்மா பின்னாடி நில்லுங்க."

"அவங்களுக்குத்தான் ஒருத்தர் இருக்காரே."

"அவரால முடியல. ரெண்டு பேர் நின்னா என்ன?"

"அப்படி வழக்கமில்ல."

"யாரக் கேக்கணும்?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன். போய் நில்லுங்க."

அவர் போனார். கூனிப்போன தூதர் திரும்பிப் பார்த்துவிட்டு அரையடி நகர்ந்து இடம் கொடுத்தார்.

மத்தியானம் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. தையல் பிரிந்த ஒரு விரிப்பின் நூல் அம்மாவின் வளையலில் சிக்கியது. அம்மா கவனிக்கவில்லை. மைனா மடித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, அந்தப் பக்கம் இரண்டு ஜோடி இறக்கை ஒரே நேரத்தில் விரிந்ததைப் பார்த்தாள். அவர்கள் இறக்கை விரித்து அவள் பார்த்ததே இல்லை. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி, தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். அதற்குப் பிறகுதான் அம்மாவின் குரலே கேட்டது.

உருளை நின்றது. அம்மாவின் கை மணிக்கட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. நாலு விரலும் வெந்திருந்தன. எலும்புக்கு ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் வந்து முதல் வேலையாகப் பட்டையைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தார். கட்டுப்போட மாடிக்கு ஏறினால் போதும்; ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதில் அந்த ஒரு சௌகரியம் என்று நர்ஸ் சொன்னாள்.

கட்டுப்போட்டு முடித்து, காத்திருக்கும் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"மெஷின் நிக்கறதுக்கு முன்னாடியே யாரோ என் கையப் பின்னாடி இழுத்தாங்க" என்றாள் அம்மா. "நீ அந்தாண்ட இருந்த. யாரு அது?"

மைனா சொன்னாள். பத்து வருஷமாகச் சொல்லாததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். பஸ், பை, வார் அறுந்தது, இடுக்கில் நின்றது, இன்று காலை கேட்டது. மனப்பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள். அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ பயந்தாளா? கேட்டுச் சொல்லு."

மைனா திரும்பி, அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அக்காவின் தூதர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"இல்லையாம். விழறது அவளுக்குத் தெரியவே இல்லையாம். வார் அறுந்ததும் பையத்தான் பாத்தாளாம். டப்பா திறந்து சோறு கொட்டிடும்னு அதப் பிடிக்கப் போனாளாம்."

அம்மாவின் வாய் கோணியது. சிரிக்கப்போகிறாள் என்று மைனா நினைத்தாள். இல்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அம்மா வாய்விட்டு அழுதாள். பெஞ்சில் இருந்தவர்கள் கை வலி என்று நினைத்து, ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். மைனாவுக்கு அழுகை வரவில்லை. வருமா என்று பார்த்தாள். அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது. சூடாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அம்மாவுக்குப் பத்து நாள் லீவு கொடுத்தார்கள். ஒரு கையால் தலை வார முடியாது என்பதால் தினமும் மைனாதான் வாரிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை முடி ரொம்பச் சிக்குப் பிடித்திருந்தது. "வலிச்சா சொல்லும்மா" என்றாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அம்மாவின் பின்னால் நின்ற தூதர்கள் இருவரும் மைனா உட்காரக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்கள். அவள் நுனியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு சிக்காக, அவசரமில்லாமல் எடுத்துக்கொண்டே போனாள்.