மஞ்சள் பட்டை நீக்கு விழா

ஈஸ்வரனுடைய ஜீப்பின் முகத்தில் இரண்டு வருசமாக ஒரு மஞ்சள் பட்டை இருந்தது. பானெட்டின் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு, கோயில் மாட்டுக்குப் பூசிய மாதிரி. கோயில் மாட்டுக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசி கூட அந்த ஜீப்புக்குக் கிடைத்ததில்லை. போடியிலிருந்து மலையேறும் ஜீப்புக்காரர் சங்கத்தில், விபத்து ஏற்படுத்திய வண்டிக்கு அப்படிப் பட்டை அடிக்க வேண்டும் என்பது விதி. விதியை இயற்றியவர் தலைவர் பாண்டித்துரை. அவர் வருவதற்கு முன்னால் சங்கத்துக்கு விதியே கிடையாது. டீக்கடைப் பாக்கி மட்டும்தான் இருந்தது.

விபத்து நடந்தது நிஜம். போடிமெட்டுக்கு ஏறும் வழியில், மேகம் இறங்கிக் கிடந்த ஒரு காலையில், ஏலக்காய் எடுக்கப் போகும் ராசிங்காபுரத்துப் பெண்களை நெருக்கி அடைத்துக்கொண்டு போகையில் ஈஸ்வரன் போனை எடுத்துப் பேசினான். வளைவு வந்துவிட்டது, பேச்சு முடியவில்லை. ஜீப் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. சுவர் மட்டும் இல்லையென்றால் ராசிங்காபுரத்தில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு சாவுப் பந்தல் போட்டிருப்பார்கள். வண்டியில் இருந்த மொக்கம்மாள் என்ற கிழவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. மற்றவர்களுக்குக் காயம்.

சர்க்கார் ஆறு மாதம் லைசென்சை முடக்கிவிட்டு மறந்துவிட்டது. சங்கம் மறக்கவில்லை. லைசென்ஸ் திரும்பியதும் இரண்டு வருசக் கண்காணிப்பு போட்டது. வண்டிக்குப் பட்டை, முன்சீட்டில் சங்கம் அனுப்பும் ஒரு சாட்சி, இன்சூரன்ஸ் கட்டும்போதெல்லாம் சங்கத்துக்குத் தனியாக ஒரு பாதுகாப்புக் கட்டணம்.

"கம்பெனிக்காரன் உன்னைய ஆபத்தான டிரைவருன்னு எழுதி வச்சிருக்கான் தம்பி. சங்கம் ஜாமீன் நின்னாத்தான் உனக்குப் பாலிசி. உனக்காக நான் எம்புட்டுப் பேசியிருக்கேன் தெரியுமா?" என்றார் பாண்டித்துரை. யாரிடம் பேசினார், எந்த மொழியில் பேசினார் என்று ஈஸ்வரன் கேட்டுக்கொள்ளவில்லை.

சாட்சியாக வந்தவன் தலைவரின் மச்சினன் வீரணன். முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் வாயைத் திறந்து தூங்க ஆரம்பிப்பான். எஸ்டேட் வந்ததும் வாயை மூடிக்கொண்டு இறங்குவான். சாயங்காலம் சங்கத்தில் போய், "எல்லாம் கண்ட்ரோல்ல இருந்துச்சு மச்சான்" என்பான். அவன் உட்காரும் சீட்டில் ஒரு பெண்ணை ஏற்றியிருந்தால் கூலியாவது வந்திருக்கும். வந்ததெல்லாம் குறட்டை.

பெண்கள் ஒவ்வொருவராக வேறு ஜீப்புக்கு மாறினார்கள். பட்டை போட்ட வண்டியில் ஏறினால் வீட்டில் திட்டு விழுந்தது. ஈஸ்வரனுக்கு வாழைத்தாரும் மூட்டையும்தான் லோடாகக் கிடைத்தன, அதுவும் எப்போதாவது.

இந்தச் சமயத்தில்தான் பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு மலையாளத்துக்காரர் ஒருவர் புது மேனேஜராக வந்தார். காய் எடுப்பு தொடங்குகிறது, சீசன் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்க ஒரு ஜீப் வேண்டும் என்றார். ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்துக்கு எதிரே ஈஸ்வரன் அவரைப் பார்த்துப் பேசினான். பட்டை தெரியக்கூடாது என்று, ஜீப்புக்காரன் அன்றைக்கு டவுன் பஸ்சில் போயிருந்தான். மேனேஜருக்கு அவனைப் பிடித்துப்போனது. "திங்கட்கிழமை வண்டியும் கொண்டு வா. நோக்கிட்டு உறப்பிக்காம்" என்றார். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அர்த்தம். கண்காணிப்பு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சத்தமில்லாமல் பட்டையைச் சுரண்டிவிட்டால் பிழைப்பு திரும்பிவிடும். இந்த சீசனும் போனால் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. மேனேஜரிடம் விபத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை என்று தன் மனசாட்சியையும் சமாதானப்படுத்திக்கொண்டான். அது பழகிப்போன சமாதானம்.

முதலில் இன்சூரன்ஸ் ஏஜண்ட் யோகராஜிடம் போனான். ஏஜண்ட் அவனுக்கு மாமன் முறை.

"மாமா, வெள்ளிக்கிழமையோட நான் ஆபத்தில்லாத ஆளு. பிரீமியம் எம்புட்டுக் குறையும்?"

யோகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு சொன்னா குறையும்னு?"

"தலைவரு."

"அவரு வச்ச மஞ்சப் பட்டைய கம்பெனிக்காரன் கண்ணால பாத்ததே கிடையாது மாப்ளே. லைசென்சு இல்லாத காலத்துல நீ பாலிசியப் புதுப்பிக்காம விட்டுட்ட. அதோட பழைய போனசு தள்ளுபடியெல்லாம் போச்சு. வண்டியச் சரிபண்ண க்ளைமும் வாங்கியிருக்க. மறுபடி அடியிலருந்து ஏறணும். வருசாவருசம் க்ளைம் இல்லாமப் போனாக் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். சங்கம் கண்காணிப்ப முடிச்சு விட்டாக் கம்பெனி எதுக்குப் பிரீமியத்தக் குறைக்கணும்?"

"அப்போ நான் சங்கத்துல தனியாக் கட்டுனது?"

"அத சங்கத்துல கேளு. எங்கிட்ட வந்ததில்ல."

சங்கத்தில் கேட்டிருப்பான். ஆனால் பட்டையை எடுக்கத் தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஈஸ்வரன் கோபத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தான்.

பாண்டித்துரை மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தார். எஸ்டேட் வேலை வரைக்கும் விசயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"சும்மா சுரண்டிட்டுப் போறதா? திருட்டு வண்டியா அது? ஒரு விழா எடுப்போம்."

"அண்ணே, விழாவெல்லாம் வேணாம்ணே. வெரசா எடுத்துட்டு என் சோலியப் பாக்குறேன்."

"உனக்கு வேணாம்டா. சங்கத்துக்கு வேணும். ஒருத்தன் தப்புப் பண்ணித் திருந்துனான்னு ஊருக்குத் தெரியவேணாமா? பெறகு நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

கடைசிக் கேள்விக்கு ஈஸ்வரனிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியும் முன்னே ப்ளெக்ஸ் ஏறிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒன்று. முந்தலில், மலைக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் நின்றாக வேண்டிய செக்போஸ்ட்டுக்கு எதிரே, இன்னொன்று. 'மலைவழிச் செம்மல், விபத்தில்லா விடியல்' பாண்டித்துரை ஆளுயரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். காலடியில் இரண்டு படங்கள். 'அன்று' என்பதில் சுவரில் மோதி நசுங்கிய ஜீப். 'இன்று' என்பதில் ஈஸ்வரன். அவனுடைய கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள்; மாலையும் சிரிப்பும் அப்படியே இருந்தன, மனைவி சுஜிதாவின் தோள் மட்டும் பாதி தெரிந்தது. 'ஆபத்தான ஓட்டுநர் நிலையிலிருந்து விடுதலை பெறும் தம்பி ஈஸ்வரனை வாழ்த்துகிறோம்' என்று கீழே எழுதியிருந்தது. அவனை மறந்துபோயிருந்தவர்களும் நின்று வாசித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விழா. பெயிண்ட் சுரண்டும் தகட்டில் ரிப்பன் கட்டியிருந்தது; அதைத் தலைவர் எடுத்துப் பட்டையில் வைத்து போட்டோவுக்குச் சிரித்தார். பெயிண்ட் வரவில்லை. தின்னர் ஊற்றினார்கள். மஞ்சளோடு கம்பெனிப் பச்சையும் சேர்ந்து உரிந்து, இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்தது; மஞ்சளைவிட அது தூரத்திலிருந்தே தெரிந்தது.

தலைவர் மைக்கில் விபத்தை வர்ணித்தார். வாகனம் எப்படி உருண்டது, தாய்மார்கள் எப்படி அலறினார்கள், தான் எப்படி ஓடி வந்தார் என்று. ஜீப் உருளவில்லை. அன்றைக்கு அவர் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும் கூட்டம் உச்சுக் கொட்டியது. ஈஸ்வரனே ஒரு நிமிடம் தான் இத்தனை பெரிய பாவியா என்று அசந்துபோனான்.

மொக்கம்மாளை மேடையில் ஏற்றினார்கள். தலைவர் கையால் ஒரு சேலை.

"ஆத்தா, தம்பிய மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்று மைக்கை நீட்டினார்.

மொக்கம்மாள் சேலையைத் திருப்பிப் பார்த்தாள். "சீலை நல்லாத்தான் இருக்கு. இதைக் கட்டிவிட யாராச்சும் வேணும்யா. எனக்குக் கை மேல ஏறாது. செடியில காயெடுக்க முடியல. ரெண்டரை வருசமா வீட்டுலதான் கெடக்கேன்." பிறகு ஈஸ்வரனைப் பார்த்தாள். "இந்த அப்பு ஒரு நா எட்டிப் பாக்கல. அன்னைக்கப்புறம் இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் நேருக்கு நேரு பாக்குறோம்."

தலைவர் சட்டென்று மைக்கை வாங்கி, "தாயுள்ளம்!" என்று கத்தினார். கைதட்டல். ஈஸ்வரன் கீழே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிழவி சொன்னதில் பொய் ஒரு பொட்டு இல்லை.

முடிக்கும் முன் தலைவர் ஒரு அறிவிப்பும் செய்தார்: தம்பி ஈஸ்வரன் இனி முன்மாதிரி ஓட்டுநர், ஆகவே பாதுகாப்புக் கட்டணம் ரத்து. அதே அளவில், முன்மாதிரி ஓட்டுநர் சந்தா.

திங்கட்கிழமை வண்டியைக் கழுவி, தழும்பின்மேல் சந்தனம் பூசி எஸ்டேட்டுக்கு ஓட்டிப்போனான். கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார். முந்தின நாள் போடிக்கு வந்து திரும்பியிருந்தார். முந்தலில் அவர் வண்டியும் நின்றிருக்கிறது.

"ஈஸ்வரா, போட்டோ நல்லா இருந்நு" என்றார் சிரிக்காமல்.

"சார், அது பழைய கதை. எல்லாம் முடிஞ்சிருச்சு. அதுக்குத்தான் விழாவே."

"முடிஞ்சது சரி. எங்கிட்டே ஏன் சொல்லலை? அது தெரிஞ்சே நான் எடுத்திருப்பேன். ஒளிச்சது தெரிஞ்சு எங்ஙனே எடுக்கும்?"

அவருக்குப் பின்னால் பாண்டித்துரையின் ஜீப் நின்றது. அதிலிருந்து ராசிங்காபுரத்துப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்கில் வீரணன். மலைப்பாதையில் இரண்டு வருசம் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்த அனுபவசாலி என்று தலைவர் முந்தின ராத்திரியே போன் போட்டுச் சொல்லியிருந்தாராம். வீரணன் ஈஸ்வரனைப் பார்த்துக் கையசைத்தான். கண் சிவந்திருந்தது, இன்றைக்கு முழித்திருக்க வேண்டியிருந்தது அல்லவா.

மழை பிடித்துக்கொண்டது. ஈஸ்வரனின் ஜீப் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. வாங்க வந்தவர்கள் தழும்பைப் பார்த்துவிட்டு, "ஓ, அந்த வண்டியா?" என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். கொட்டகை ஒழுகியது. முந்தலிலிருந்து அவிழ்த்து வந்த ப்ளெக்சை வண்டிமேல் விரித்துக் கட்டினான்.

"அந்த மூஞ்சிய உள்பக்கமாத் திருப்பிப் போடக்கூடாதா?" என்றாள் சுஜிதா.

"அச்சடிச்ச பக்கம் மேல இருந்தாத்தான் தண்ணி நிக்காம வழியும்" என்றான். மழைநீர் தலைவரின் மீசையிலிருந்து வழிந்து அவனுடைய கல்யாணச் சிரிப்பின்மேல் சொட்டியது.

இன்சூரன்ஸ் தேதி வந்தது. யோகராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு மாமா இன்சூரன்சு?"

"கட்டாம விட்டா மறுபடி அடியிலருந்து ஏறணும் மாப்ளே. கட்டிட்டு இப்படியே நிப்பாட்டி வையி. முட்டாது, மோதாது, க்ளைம் வராது. அடுத்த வருசம் போனசு நிச்சயம்." பிறகு ப்ளெக்சை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனசாரச் சொன்னார்:

"இப்பத்தான் நீ கம்பெனிக்குப் பிடிச்ச டிரைவரு."