சங்கிலிப்பாண்டி எடுக்க வராத சைக்கிள்

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குச் சைக்கிளிலேயே போகிறேன் பேர்வழி என்று கிளம்பினேன். பாதி வழியில் பின்சக்கரம் படுத்துக்கொண்டது. லோடு ஆட்டோவில் ஏற்றி ஒரு பட்டறையில் கொண்டுபோய் இறக்கினேன். பட்டறை நடத்துகிறவர் ஒரு பெண். தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் இங்கே ஹெப்சிபா. அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தபோது, மூலையில் நின்ற மலைச் சைக்கிளைக் காட்டி யாருடையது என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ஒரு மிலிட்டரிக்காரரோடது சார். சீட்டு தானா எறங்குதுன்னு குடுத்தாரு. சரி பண்ணி ஒம்பது நாளாச்சு. நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேங்காரு. வரத்தான் மாட்டேங்காரு."

"ஏனாம்?"

"அத நீங்கதான் சொல்லணும். கத எழுதுறவுக."

வம்பை விலைக்கு வாங்கினேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. (கதைக்குள் வந்துவிட்டதால் ஹெப்சிபா இனிமேல் 'அவள்'. நேரில் பார்த்தால் 'அவர்'தான், எனக்கும் பயமிருக்கிறது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேற்கு மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில்—'

சே! அழகு காட்டுகிறேன். மலைக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

பிறகு இப்படி: 'வத்திராயிருப்பு சங்கிலிப்பாண்டிக்கு முப்பத்தெட்டு வயது. ராணுவத்தில் ஹவில்தார். வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். விடுப்பு முடிந்து போனதும் படைப்பிரிவின் மலைச் சைக்கிள் அணிக்குத் தேர்வு. இந்த வயதுக்கு இதுதான் கடைசித் தேர்வு.' விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் வாசகருக்குச் சொல்லித்தானே ஆகவேண்டும்? இருந்துவிட்டுப் போகட்டும்.

சங்கிலிப்பாண்டி சைக்கிளைப் பட்டறைக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். ஹேண்டில் பாரில் ஒரு சின்ன லீவர். அதை அமுக்கி உட்கார்ந்தால் சீட் கீழே போகும், எழுந்து அமுக்கினால் மேலே வரும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்திக்கொள்ளவும் ஏற்றத்தில் உயர்த்திக்கொள்ளவும் உள்ள வசதி இது. இவருடையது விட்ட இடத்தில் நிற்கவில்லை.

"அர மணி நேரம் மிதிச்சா முட்டி தெறிக்குதும்மா. டாக்டர் என்னடான்னா முட்டியச் சொல்றாரு. எனக்கு என்னமோ சீட்டு மேலதான் சந்தேகம்."

ஹெப்சிபா சீட் தண்டில், அது குழாய்க்குள் நுழையும் விளிம்புக்கு ஒரு விரல் மேலே, அடையாளத்துக்குக் கறுப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, "ஏறி உக்காருங்கண்ணே" என்றாள். ஐந்து நிமிடத்தில் டேப் விளிம்பில் வந்து இடித்து நின்றது. சீட் ஒரு விரல் அகலம் இறங்கிவிட்டிருந்தது. சங்கிலிப்பாண்டி சின்னப்பிள்ளைபோலக் கையைத் தட்டினார்.

"பாத்தியா! நாஞ் சொன்னேம்லா? முட்டி இல்ல, சீட்டுதான்! அம்புட்டுப் பேரும் என் காலையே குத்தஞ் சொன்னானுவளே!"

"சீட்டு தாழ்ந்தா முட்டி கூட மடங்கும்ணே. வலி வரத்தான் செய்யும்."

வரத்தான் செய்யும் என்றாளே தவிர, இந்த வலி அதனால்தான் வந்தது என்று அவள் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டு போனார்.

3

சீட் ஏன் இறங்கியது? இங்கேதான் நான் மூக்கறுபட்டேன்.

ஆயுதபூசைக்குச் சைக்கிளுக்குச் சந்தனம் பூசுகையில் சீட் தண்டிலும் பூசிவிட்டார்கள், அது உள்ளே போய்க் கெடுத்துவிட்டது என்று எழுதி, பெருமையோடு நிஜப் பட்டறைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சந்தனம் உள்ள போனா சீட்டு மக்கர் பண்ணும் சார், மேல வரத் திணறும். தானா எறங்காது. தண்டுக்குள்ள ஒரு பக்கம் எண்ணெ, ஒரு பக்கம் காத்து, நடுவுல ரப்பர் வளையம் போட்ட தடுப்பு. எண்ணெ அமுங்காது, அதுமேலதான் நம்ம கனம் நிக்கிது. வளையத்தத் தாண்டிக் காத்து எண்ணெக்குள்ள வந்திருச்சுன்னா, காத்து அமுங்கும்லா? சீட்டு எறங்கும்."

"காற்று எப்படித் தாண்டும்?"

"சீட்டத் தாழ்த்தி வச்சுக்கிட்டு, சீட்டப் புடிச்சே வண்டியத் தூக்குனா தாண்டும். உள்ள உறிஞ்சிரும்."

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஆனால் சீட்டைப் பிடித்து யார் தூக்கியிருப்பார்கள்? அதற்காகத்தான் வெள்ளத்தாய் வந்தார்.

4

வெள்ளத்தாய் சங்கிலிப்பாண்டியின் மனைவி. (இப்படி யாரும் பட்டறைக்கு வரவில்லையாம். நான்தான் வரவழைத்தேன்.) வத்திராயிருப்பிலிருந்து பஸ் மாறி, புருஷனுக்குத் தெரியாமல், தனியாக வந்தார். அப்போது சைக்கிள் சரியாகி ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. ஹெப்சிபா சீட் தண்டைக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த வளையங்களைப் போட்டு, புது எண்ணெயில் ஒரு குமிழிகூட இல்லாதபடி இரண்டு நாள் மல்லுக்கட்டியிருந்தாள்.

"அண்ணன் இல்லாதப்ப சைக்கிள எங்க வச்சிருந்தீக மதினி?"

"வீடு பூரா நெல்லு மூட்ட, தேங்கா. எலி கடிச்சிரும்னு நாந்தான் சீட்டக் கீழ எறக்கி, அதுலயே கயித்தப் போட்டு உத்தரத்துல கட்டித் தொங்க விட்டேன். எட்டு மாசம் தொங்குச்சு."

ஹெப்சிபா சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தாள். சொல்லிவிட்டாள். வெள்ளத்தாய் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பத்திரமா இருக்கட்டும்னுல்லா செஞ்சேன்? நானே கெடுத்துப்புட்டேனே!"

"இப்ப சரியாயிருச்சு மதினி. ஒரு நூலு எறங்காது."

அதைக் கேட்டதும் அந்த அம்மாள் முகம் தெளியவில்லை, இருண்டது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எம்மா, நாஞ் சொல்றதக் கேளு. அவியளுக்குப் படி ஏறையிலயும் முட்டி வலிக்குது. படியில ஏது சீட்டு? ராவுல தைலம் தேய்க்கிறவ நான், எனக்குத் தெரியாதா? நீ எனக்காவ ஒரு பொய் சொல்லணும். இது சரி பண்ண முடியாது, உங்க வீட்டுக்காரி தொங்க விட்டுக் கெடுத்துப்புட்டான்னு சொல்லிரு."

"ஐயோ! ஒங்களயில்லா வைவாரு?"

"வையட்டுமே. ரெண்டு நாளு என்னைய வைவாக, பொறவு சோறு திம்பாக. காலுதான் போச்சுன்னு தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போவாகம்மா."

இந்த இடத்தை எழுதிவிட்டு நான் சற்று நேரம் மொட்டைமாடியில் நடந்தேன். கதைக்காக ஒரு காரணம் கேட்டால், இந்த அம்மாள் தன்னையே தூக்கிக் கொடுக்கிறாரே! ஆனாலும் இரண்டு நாள் பாடுபட்டுச் சரிசெய்த சாமானை, சரியாகவில்லை என்று சொல்ல ஹெப்சிபாவுக்கு நாக்கு எழும்புமா? "யோசிக்கேன் மதினி" என்று மட்டும் சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள்.

5

முடிவு ஒன்று: ஹெப்சிபா பொய் சொல்கிறாள். அவர் தேர்வுக்குப் போகவில்லை. வீட்டில் வெள்ளத்தாய் நிம்மதியாகத் திட்டு வாங்குகிறார். (மனசு ஒப்பவில்லை. கால் ஒருவேளை நன்றாக இருந்தால்? படியில் வலித்ததும் இந்தச் சீட் பழக்கிவிட்ட வலியாக இருந்தால்?)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அவர் ஓட்டிப் பார்க்கிறார். வலியே இல்லை. (எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு மூன்று: உண்மையைச் சொல்கிறாள். அவர் ஓட்டிக்கொண்டு போகிறார். அரை மணி நேரம் கழித்து சைக்கிளை உருட்டிக்கொண்டு, வலது காலை—

இல்லை. மாட்டேன்.

நேரில் போய்ப் பட்டறைக்காரரிடமே கேட்டேன். "முந்தாநேத்து வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு சார்" என்றார். அப்புறம் என்ன ஆயிற்று என்றதற்கு, "நான் அத ஒங்ககிட்டச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்தைக் கழற்றப் போய்விட்டார்.

ஆகவே என் கதையில் நடந்தது இதுவரைதான். பத்தாம் நாள் சங்கிலிப்பாண்டி வந்தார். ஹெப்சிபா வாயைத் திறப்பதற்குள், "ஏதும் சொல்லாதம்மா, நானே பாத்துக்கிடுதேன்" என்றார். டேப்பை அவரே ஒட்டினார். ஏறி உட்கார்ந்து, விழாமலிருக்க ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. டேப் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கலியேம்மா."

"எறங்காதுண்ணே."

"இனிமே வலிச்சா அது சீட்டு இல்ல, என்ன?"

ஹெப்சிபா வாசலைப் பார்த்தாள். வாசல் திறந்துதான் கிடக்கிறது, வெளியே நல்ல ரோடு. சுவரிலிருந்து கையை எடுங்கள் என்று அந்த மனிதரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, எழுதுகிற எனக்கும் வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்கள் சொல்லுங்கள்.