நீலக் கிரீஸ்

மூன்றாவது ஞாயிறும் கிழக்கு மூலையில் பூட்டுக்கம்பி இல்லை. யாரோ என்னைக் கீழே தள்ளப் பார்க்கிறார்கள் என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் கொல்லையில் இருப்பது நாற்பதடி இரும்புக் கோபுரம். உச்சியில் ஆண்டெனா. முறையாக உரிமம் வாங்கி, உலகத்தின் அந்தக் கோடியில் இருப்பவர்களோடு வானொலியில் பேசுவது என் பொழுதுபோக்கு. தெருவில் எனக்குக் கம்பிக்காரி என்று பெயர். கோபுரத்தை மூன்று பக்கமும் ஸ்டே கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் அதை இறுக்குகிற திருகு ஒன்று உண்டு. காற்றில் அதிர அதிர அது தானாகக் கழன்றுகொள்ளும் என்பதால், நடுவே மெல்லிய கம்பி ஒன்றைக் கோத்து முறுக்கி வைப்போம். அதுதான் பூட்டுக்கம்பி. ஏறுவதற்கு முன் மூன்று மூலையையும் பார்ப்பேன். ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைக்கு ஏறக் கூடாது. திரும்பக் கோத்துவிட்டு ஏறினால் என்ன என்று கேட்கலாம். ஒன்று கழன்றிருந்தால் இன்னொன்று என்ன ஆனதோ, யார் கண்டது? சட்டம் போட்டது நான்தான்.

ஆனால் ஏறியே ஆக வேண்டும். ஆண்டெனாவைப் பிடித்திருக்கிற கிளாம்ப் விரிசல் விட்டிருப்பதைப் போன மாதம் ஏறியபோது பார்த்தேன். காற்றுக்காலம் வருகிறது. பிய்ந்தால் நேரே பக்கத்து வீட்டு மொட்டை மாடியில்தான் விழும்.

அந்தப் பக்கத்து வீட்டு டெய்லர்மேல்தான் எனக்குச் சந்தேகம். நான் வானொலியில் பேசினால் அவருடைய ஸ்பீக்கரில் என் குரல் கொரகொரவென்று வருகிறதாம். போன மாதம் நான் உச்சியில் நிற்கும்போதே மாடிக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒரு பாட்டு நிம்மதியா கேக்க விட மாட்டியா? நடுவுல நீ வந்து நம்பர் நம்பரா சொல்ற!"

"அந்தக் கொரகொரவை நிறுத்த ஒரு வடிகட்டி மாட்டித் தரேன்னு எத்தனை தடவை சொல்றது? வீட்டுக்குள்ள விட்டாத்தானே அண்ணே!" என்று நானும் மேலே இருந்தபடியே கையை நீட்டி நீட்டித் திருப்பிக் கொடுத்தேன். கோபத்தில் மளமளவென்று இறங்கியும்விட்டேன். கீழே சாமான் ஏற்றி இறக்குகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஏறினது நானு, வேர்க்கிறது உங்களுக்கா?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பூட்டுக்கம்பி காணாமல் போக ஆரம்பித்தது. டெய்லரிடம் கத்தரிக்குப் பஞ்சமா? கொல்லைச் சுவரும் இடுப்பளவுதான். அவர் இருமினால்கூட நான் ஜன்னலுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் மட்டும், "விடு, ஆள் வச்சு ஏத்திக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என் கோபுரத்தில் அடுத்தவன் ஏறுவதா? அந்தப் பேச்சு என்னிடம் எடுபடவில்லை.

ஆண்டெனாவைத் திருப்புகிற மோட்டாருக்கு வாங்கிய நீலக் கிரீஸ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புதுப் பூட்டுக்கம்பி கோத்து, அதில் ஒரு விரல் கிரீஸை அப்பினேன். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை பார்த்தால் கம்பியைக் காணோம். ஒரு ரவிக்கைத் துணியைச் சுருட்டிக்கொண்டு டெய்லர் கடைக்குப் போனேன். கண் அவர் கையிலேயே இருந்தது.

"என்னம்மா, அளவு எடுக்கணுமா, இல்ல என் கையைப் பாத்து ஜோசியம் சொல்லப் போறியா?"

அவர் கை பளிச்சென்று இருந்தது. மேசை மேல் வெள்ளைத் துணி, அதில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திரும்பப் போனவளை அவரே கூப்பிட்டு ஒரு சட்டையை எடுத்துப் போட்டார்.

"உன் வீட்டுக்காரர் காலைல காலர் மாத்தக் குடுத்தது. கைப்பட்டையில நீலமா கறை இருக்கு பாரு. வரும்போதே இருந்துச்சு. அப்புறம் அதையும் என் தலையில கட்டிடாத."

என் வீட்டுக்காரர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். கிரீஸுக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கமே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். கயிறோ வீட்டுக்குள்ளேயே இருக்கிற இந்த ஆளின் கையில் இருந்திருக்கிறது. இவ்வளவு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவரைப் பற்றி நினைக்கக் கூடாததையெல்லாம் வழி நெடுக நினைத்தேன்.

அவர் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையை எதிரே போட்டேன்.

"என்னைக் கொல்லப் பாத்தீங்களா?"

கறையைப் பார்த்தார்.

"பூட்டுக்கம்பியைத்தான் எடுத்தேன். திருகைத் தொடல. அது இல்லன்னா நீ ஏற மாட்டேன்னு தெரியும்."

"நான் ஏறினா உங்களுக்கு என்ன?"

"போன மாசம் டெய்லரோட சண்டை போட்டியே, அப்ப உன் ரெண்டு கொக்கியும் இடுப்புல தொங்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுகூட மாட்டல."

"பொய்!" என்றேன். ஏறும்போது கட்டுகிற பெல்ட்டில் இரண்டு கொக்கிகள், கோபுரத்தில் மாட்டிக்கொள்ள. ஒன்றை மாட்டாமல் இன்னொன்றைக் கழற்றக் கூடாது. அதுவும் நான் போட்ட சட்டம்.

"கத்தலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கத்தினா திரும்புவ, திரும்பினா போச்சு. கயிறைப் பிடிச்சுட்டுப் பேசாம நின்னேன்."

"இறங்கினதும் சொல்றதுக்கு என்ன?"

"இப்ப சொன்னதுக்கே பொய்ங்கிற. நான் சொன்னா நீ நம்ப மாட்ட. அந்தக் கம்பி சொன்னாத்தான் கேப்ப."

அப்போதுதான் அன்றைக்கு இறங்கியது ஞாபகம் வந்தது. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கொக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வரும். அன்றைக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதனால்தான் அவ்வளவு வேகம். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரை என்னவெல்லாம் நினைத்தேன் என்பது அதைவிட வலித்தது.

மறுநாள் அவரே மூன்று மூலையிலும் புதுக் கம்பி கோத்தார். நான் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். புது கிளாம்ப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் கீழேயிருந்து, "மாட்டியாச்சா?" என்று கேட்டார். "மாட்டியாச்சு" என்று நானும் சொல்லிக்கொண்டே போனேன். தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

முக்கால் உயரத்தில் டெய்லர் மாடிக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. எதற்கு வருகிறார் இந்த மனிதர்? கையில் என்ன? எட்டிப் பார்த்தேன். ஈரத் துணி வாளிதான்.

"மாட்டியாச்சா?"

வாயில் பதில் தயாராக இருந்தது. சொல்வதற்கு முன் குனிந்து பார்த்தேன். இரண்டு கொக்கிகளும் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தன.

"இல்ல," என்றேன். "இருங்க."

இரும்பை இறுகக் கட்டிக்கொண்டு ஒன்றை மாட்டினேன், இழுத்துப் பார்த்தேன். "இப்ப மாட்டியாச்சு."

கீழே அவர் தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை நான் கிண்டல் செய்யவில்லை.